கடல் ஒத்துக்கொள்ளாதவர்கள்

கடலாய்வுத் துறையில் ஆய்வுக் கப்பல் பயணத்தை ‘க்ரூஸ்’ என்றுதான் சொல்வோம். கட்டுரைகளிலும் திட்ட அறிக்கைகளிலும் பயணப்படிக்கான படிவத்திலும் இதே சொல்தான். இதனால் உறவினர்களிடையே எனக்கு விசித்திரமான பெயர் ஒன்று நிலைத்துவிட்டது: ஆண்டுக்கொரு முறை அரசாங்கச் செலவில் சொகுசுக் கப்பலில் உலாப் போகிறவள். நீச்சல் குளம் உண்டா என்று சித்தி ஒருமுறை கேட்டார். உண்டு சித்தி, ஆழம்தான் சற்று அதிகம், 3000 மீட்டர் என்றேன்.

சொகுசுக் கப்பலுக்கும் எங்கள் கப்பலுக்கும் பொதுவாக இருப்பது ஒன்றே ஒன்று. இரண்டிலும் ஏறுகிறவர்களில் கணிசமானோர் முதல் இரண்டு நாள் படுத்துக் கிடப்பார்கள். சுற்றுலாப் பயணி படுத்துக் கிடந்தால் அவருடைய பணமும் விடுமுறையும் வீணாகும். ஆய்வு மாணவர் படுத்துக் கிடந்தால் ஒரு நிலையத்தின் மாதிரிகள் போய்விடும். அந்த இடத்துக்குக் கப்பல் மீண்டும் வர இரண்டாண்டு ஆகலாம்; அவருடைய உதவித்தொகைக் காலம் முடிவதற்குள் வராமலே போகலாம்.

அடுத்த சில மாதங்களில் கப்பலேறவிருக்கும் மாணவர்கள் சிலர் தனித்தனியே எழுதிக் கேட்டதற்கு ஒரே இடத்தில் விடை சொல்லிவிடலாம் என்பது இந்தப் பதிவின் முதல் நோக்கம். சென்னையிலிருந்து அந்தமானுக்குக் கப்பலில் மூன்று நாள் பயணம் செய்யும் மாணவர்களுக்கும், கொச்சியிலிருந்து லட்சத்தீவுக்குப் போகிறவர்களுக்கும் இதில் பாதிக்கு மேல் பொருந்தும். இரண்டாவது நோக்கம் கொஞ்சம் கசப்பானது. அதற்குப் பிறகு வருகிறேன்.

கடற்குமட்டல் என்று இங்கே எழுதுகிறேன். குமட்டல் அதன் ஒரு பகுதி மட்டுமே என்பதால் அந்தச் சொல் எனக்கு நிறைவளிப்பதில்லை. ஆனால் ஆங்கிலத்தின் ‘நாசியா’ என்ற சொல்லே கப்பலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்தது. ஆகவே இந்தக் குழப்பம் நமக்கு மட்டும் உரியதில்லை. முதலில் கொட்டாவி வரும். பிறகு நெற்றியிலும் மேலுதட்டிலும் குளிர்ந்த வியர்வை, முகம் வெளிறுதல், வாயில் உமிழ்நீர் ஊறுதல். வாந்தி இவற்றுக்கெல்லாம் பின்னால்தான். வாந்தியே எடுக்காமல் தூக்கக் கலக்கமும் எதிலும் பற்றின்மையும் எரிச்சலுமாகவே சிலருக்கு நாள்கள் கழியும். கிரேபீலும் நெப்டனும் 1976இல் இதற்கு ‘சோபைட் சிண்ட்ரோம்’ என்று தனிப்பெயர் கொடுத்தார்கள். ஆய்வகத்தில் அதிகம் கவனிக்கப்படாமல் போவது இதுதான். வாந்தி எடுப்பவரை அறைக்கு அனுப்பிவிடுவார்கள். சோர்ந்த முகத்துடன் குறிப்பேட்டின் முன் உட்கார்ந்திருப்பவரைச் சோம்பேறி என்பார்கள்.

காரணம் உட்செவியில் இருக்கிறது. ஒவ்வொரு பக்கமும் மூன்று அரைவட்டக் குழாய்கள் தலையின் சுழற்சியை உணர்கின்றன. அவற்றை அடுத்துள்ள இரண்டு சிறு பைகள் நேர்கோட்டு முடுக்கத்தையும் புவியீர்ப்பின் திசையையும் உணர்கின்றன. ஜன்னலில்லாத ஆய்வகத்தில் மேசையும் சுவரும் உங்களோடு சேர்ந்தே ஆடுவதால், எதுவும் அசையவில்லை என்று கண் சொல்கிறது. எல்லாம் அசைகிறது என்று செவி சொல்கிறது. பாடநூல்கள் பெரும்பாலும் இந்த இடத்தில் நிறுத்திவிடும். ஆனால் பார்வையற்றவர்களுக்கும் கடற்குமட்டல் வருகிறது. எனவே கண்ணுக்கும் செவிக்கும் இடையிலான சச்சரவு மட்டும் போதிய விளக்கமாகாது. ரீசனும் பிராண்டும் 1975இல் வெளியிட்ட நூலில் வைக்கும் வாதம் இன்னும் நுட்பமானது. மூளை தன் பழைய அனுபவத்தைக் கொண்டு அடுத்த கணம் என்ன உணர்வு வரவேண்டும் என்று கணித்து வைத்திருக்கிறது. வருவது அதற்குப் பொருந்தாதபோதே தொல்லை தொடங்குகிறது. இந்த விளக்கத்தின் பெரும் பயன், இரண்டு மூன்று நாளில் பெரும்பாலோருக்கு ஏன் தானாகச் சரியாகிறது என்பதையும் அது சொல்லிவிடுவது. மூளை புதிய கணிப்பைக் கற்றுக்கொள்கிறது, அவ்வளவுதான்.

செவியின் பங்கைப் பற்றி ஐயமே இல்லை. செவித்திறனற்றோரில் பலருக்குச் சுழற்றினாலும் தலைசுற்றுவதில்லை என்று வில்லியம் ஜேம்ஸ் 1882இலேயே எழுதினார். 1960களில் அமெரிக்கக் கடற்படை ஆய்வாளர்கள் உட்செவி செயலிழந்தவர்களையும் மற்றவர்களையும் ஒரே கப்பலில் வட அட்லாண்டிக் புயலுக்குள் அழைத்துச் சென்றார்கள். மற்றவர்கள் அவதிப்பட, உட்செவி செயலிழந்தவர்கள் நலமாகவே இருந்தார்கள். உடல் ஏன் இதற்கு வாந்தியை விடையாகத் தருகிறது என்பதற்கு டிரைஸ்மன் 1977இல் ஒரு ஊகம் சொன்னார்: புலன்கள் முரண்படுவதை நஞ்சு உண்டதன் அறிகுறியாக மூளை எடுத்துக்கொள்கிறது. அழகான ஊகம்தான், ஆனால் சோதிக்கக் கடினமானது. நான் அதை மாணவர்களிடம் கதையாகச் சொல்வேன், தேர்வில் எழுதச் சொல்ல மாட்டேன்.

எல்லா ஆட்டமும் குமட்டுவதில்லை. மேலும் கீழுமாக ஆடும் அறையில் மனிதர்களை உட்காரவைத்து ஓஹான்லனும் மெக்காலியும் 1974இல் வெளியிட்ட முடிவின்படி, நொடிக்கு ஏறத்தாழ 0.2 முறை, அதாவது ஐந்து நொடிக்கு ஒரு முறை ஏறி இறங்கும் அசைவே மிக மோசமானது. ஆட்டோ எவ்வளவு குலுக்கினாலும் யாரும் வாந்தி எடுப்பதில்லை. சோர்லா மலைப்பாதையில் பேருந்து நிதானமாக வளைந்து வளைந்து ஏறும்போது பின்னிருக்கையில் பிளாஸ்டிக் பைகள் வெளியே வருகின்றன. கப்பலின் ஆட்டத்தில் பெரும்பகுதி இந்தக் கெட்ட அலைவெண்ணுக்கு அருகில்தான் விழுகிறது.

எங்கள் துறைக்கு இதில் தனிச் சிக்கல் ஒன்று உண்டு. அரபிக் கடலில் ஏறத்தாழ 150 மீட்டருக்குக் கீழே தொடங்கி 1000 மீட்டர் வரை ஆக்சிஜன் மிகக் குறைந்த நீரடுக்கு ஒன்று விரிந்து கிடக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்றின் காலத்தில் மேற்குக் கரையோரம் கீழ்நீர் மேலெழும்போது, ஆக்சிஜன் குறைந்த நீர் கண்டத்திட்டின் மீது ஏறி மீன்வளத்தையே பாதிக்கிறது. பார்க்கவேண்டியது நிகழும் மாதங்களும் கடல் மிகவும் கொந்தளிக்கும் மாதங்களும் ஒன்றே. சூலையில் இக்கரைக்கு அப்பால் அலையின் உயரம் 3 மீட்டரைத் தாண்டுவது சாதாரணம். சனவரியில் கப்பலேறினால் வயிறு சும்மா இருக்கும், ஆனால் கேள்விக்கான விடை அப்போது அங்கே இருக்காது.

கப்பல் ஓடிக்கொண்டிருக்கும்போது எப்படியோ சமாளித்துவிடலாம். நிலையத்தில் நிற்கும்போதுதான் ஆட்டம் அதிகம். சி.டி.டி. கருவியை 2000 மீட்டருக்கு இறக்கி, வழியில் நின்று நின்று நீர்க்குடுவைகளை மூடி மேலே கொண்டுவர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அது வந்ததும் முதலில் எடுக்கவேண்டியது ஆக்சிஜன் மாதிரி. காத்திருக்கவிட்டால் காற்று கலந்து அளவு கெட்டுவிடும். பிறகு விங்க்ளர் முறையில் தரம் பார்க்கவேண்டும். தலையைக் குனிந்து, ஒரு குடுவையின் நீலநிறம் எந்தத் துளியில் மறைகிறது என்று கண்ணிமைக்காமல் பார்க்கும் வேலை. பக்கத்தில் விலங்கு மிதவைகளுக்கான ஃபார்மலின் வாடை, கீழிருந்து டீசல் புகை, சமையலறையிலிருந்து வெங்காயம் தாளிக்கும் மணம். குமட்டலை வரவழைப்பதற்கென்றே யாரோ திட்டமிட்டு அமைத்த சோதனைபோல இருக்கும். இதைவிட மோசமானது நுண்ணோக்கி மட்டுமே.

இனி அந்தக் கசப்பான பகுதி. சில ஆண்டுகளுக்கு முன் பருவமழையின் பின்பகுதியில் மர்மகோவாவிலிருந்து புறப்பட்ட ஒரு பயணத்தில் என் அறைத்தோழியாக இருந்தவள் திருச்சூர்ப் பெண், ஆய்வில் சேர்ந்த முதலாண்டு. துறைமுகச் சுவரைத் தாண்டிய நான்கு மணி நேரத்தில் படுத்தவள் இரண்டு நாள் எழவில்லை. நீர் குடித்தாலும் நிற்கவில்லை. அவளுடைய மாதிரிகளை நானும் இன்னொருவரும் மாறிமாறி எடுத்தோம். சாப்பாட்டு மேசையில் ஒரு மூத்தவர், கடல் ஒத்துக்கொள்ளாதவர்கள் கரையில் செய்யும் ஆய்வைத் தேர்ந்தெடுத்திருக்கலாமே என்று பொதுவாகச் சொல்வதுபோலச் சொன்னார். அது அவள் காதுக்கும் போயிற்று. இரண்டாம் நாள் இரவு, “சேச்சி, நான் இறங்கியதும் விலகிவிடப் போகிறேன், எனக்கு இதற்கான மனவுறுதி இல்லை” என்றாள்.

மனவுறுதி என்ற அந்தச் சொல்தான் என்னை உறுத்தியது. உட்செவி நன்றாக வேலை செய்வதால் வரும் ஒன்றுக்கும் மனவுறுதிக்கும் என்ன தொடர்பு? டார்வின் பீகிள் கப்பலில் 1831 முதல் 1836 வரை சென்ற பயணம் முழுவதும் குமட்டலால் அவதிப்பட்டார். தொடக்க நாள்களில் பிஸ்கட்டும் உலர்திராட்சையும் மட்டுமே வயிற்றில் தங்கின என்று தந்தைக்கு எழுதினார். வாழ்நாளெல்லாம் கடலில் போர் செய்த நெல்சனுக்கும் இது தீரவில்லை. ஒற்றைத்தலைவலி உள்ளவர்களுக்கு இது அதிகம் வருகிறது; கணக்கெடுப்புகளில் ஆண்களைவிடப் பெண்கள் அதிகம் பாதிக்கப்படுவதாகச் சொல்கிறார்கள். சிறுவர்களுக்கு அதிகம், இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு அரிது. இவற்றில் எதுவும் குணத்தைப் பற்றிய செய்தி இல்லை. ஆயினும் நம் ஆய்வகங்களில் இது சத்தமில்லாத ஒரு தேர்வாக நடந்துகொண்டிருக்கிறது. முதல் பயணத்தில் படுத்தவரை இரண்டாம் பயணத்துக்கு அழைக்கமாட்டார்கள், எவரும் காரணம் சொல்லமாட்டார்கள், அவரும் கேட்கமாட்டார்.

அவளை எழுப்பியது எங்கள் அறிவுரையன்று. கப்பலின் மருத்துவர் ப்ரோமெதசின் ஊசி போட்டார், உப்பு-சர்க்கரைக் கரைசலைக் கரண்டி கரண்டியாகக் கொடுக்கச் சொன்னார். வாந்தி தொடங்கிவிட்டால் வயிறு மருந்தைக் கீழே தள்ளுவதும் குறைந்துவிடுகிறது. விழுங்கும் மாத்திரை அப்போது பெரும்பாலும் வீண். ஆகவே மாத்திரை முன்கூட்டியே எடுத்தால்தான் பயன்படும். நம் ஊர்க் கடைகளில் எளிதில் கிடைக்கும் அவோமின், அதாவது ப்ரோமெதசின் தியோக்ளேட் 25 மில்லிகிராம், நீண்ட பயணத்துக்கு முந்தைய இரவே எடுக்கவேண்டியது. குறும்பயணமாயின் ஒன்று அல்லது இரண்டு மணி நேரம் முன்பு. சின்னரிசின் இரண்டு மணி நேரம் முன்பு. இரண்டுமே தூக்கம் தரும். ஆகவே கரையிலேயே ஒரு விடுமுறை நாளில் ஒரு மாத்திரை எடுத்து உங்களுக்கு எவ்வளவு தூக்கம் வருகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். மாத்திரை போட்டுக்கொண்டு வின்ச் பக்கத்தில் நிற்காதீர்கள். வாந்தியைவிட அது ஆபத்து. கருவுற்றிருப்போரும், கண்ணழுத்த நோய் உள்ளோரும், வேறு மருந்து எடுப்போரும் மருத்துவரைக் கேட்காமல் எதையும் தொடவேண்டாம்.

இந்த மருந்துகளின் கதையும் சுவையானது. 1947இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் கே, கார்லினர் என்ற இருவர் ஒவ்வாமைத் தடிப்புக்கு ஒரு புதிய மருந்தைச் சோதித்தார்கள். அதை உண்ட ஒரு பெண், டிராம் வண்டியில் தனக்கு எப்போதும் வரும் தலைசுற்றல் வரவில்லை என்று போகிற போக்கில் சொன்னார். அந்த ஆண்டு நவம்பரில் நியூயார்க்கிலிருந்து ஜெர்மனிக்குப் போன ஒரு படைக்கப்பலில் 1000க்கும் மேற்பட்ட வீரர்களிடம் அதைச் சோதித்தார்கள். அதுதான் டிராமமின். ஒரு நோயாளி சொன்ன தொடர்பில்லாத வாக்கியத்தைக் காதில் வாங்கிக்கொண்டதால் கிடைத்த மருந்து. மருந்தியல் மாணவர்களிடம் இதை நான் விரும்பிச் சொல்வதுண்டு.

ஹயோசின் இவற்றைவிட வலிமையானது. காதுக்குப் பின்னால் ஒட்டும் பட்டையாக மூன்று நாளைக்கு மெல்ல மெல்ல உடலில் இறங்கும். புறப்படுவதற்குக் குறைந்தது நான்கு மணி நேரம் முன்பு ஒட்டவேண்டும். வாய் வறளும், பார்வை மங்கும். பட்டையைத் தொட்ட விரலால் கண்ணைக் கசக்கினால் பாவை விரிந்து நாள் முழுவதும் எதையும் படிக்க முடியாது. வெளிநாட்டுக் கப்பலில் ஏறும் நண்பர்கள் இதைக் கொண்டுவருவார்கள். சாலையோரத்து ஊமத்தையிலும் இருப்பது இதே ஹயோசின்தான் என்று கேட்டதும் ஒரு தாவரவியல் நண்பரின் கண்கள் மின்னின. ஊமத்தை நஞ்சு, அதில் அளவென்று ஒன்று கையில் நிற்காது. அந்த எண்ணமே வேண்டாம்.

பலரும் பையில் வைத்திருப்பது ஒண்டான்செட்ரான். புற்றுநோய் மருந்தால் வரும் வாந்திக்கு மிக நல்ல மருந்து அது. ஆனால் கடற்குமட்டலுக்கு அதனால் பெரிதாகப் பயனில்லை. அது தடுப்பது செரட்டோனின் வழியை. கடலாட்டம் செல்லும் வழியோ ஹிஸ்டமினும் அசிட்டைல்கோலினும் சேர்ந்தது. சுக்கு, இஞ்சியைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: டென்மார்க்கின் கடற்படைப் பயிற்சி மாணவர்கள் 80 பேரிடம் 1988இல் 1 கிராம் இஞ்சித் தூளைச் சோதித்தபோது வாந்தியும் குளிர்வியர்வையும் குறைந்தன. பின்னர் வந்த முடிவுகள் ஒன்றுக்கொன்று ஒத்துவரவில்லை. நான் இஞ்சி மொரப்பா கொண்டுபோகிறேன், மாத்திரையையும் விடுவதில்லை. மணிக்கட்டுப் பட்டையை நம்புகிறவர்களோடு நான் வாதிடுவதில்லை. அதனால் கெடுதல் இல்லை.

இவற்றையெல்லாம்விட எனக்கு உதவியது எங்கள் போசன், பழைய கப்பல் மொழியில் செராங், சொன்னவை. இரத்தினகிரிக்காரர். வயிற்றைக் காலியாக விடாதீர்கள் மேடம், காய்ந்த ரொட்டியையாவது கடித்துக்கொண்டிருங்கள் என்பார். அறைக்குள் அடைந்து கிடக்காமல் மேல்தளத்துக்கு வந்து தொடுவானத்தைப் பாருங்கள் என்பார். அசையாத ஒரு கோடு கண்ணுக்குக் கிடைத்ததும் மூளையின் கணிப்பு சரியாகத் தொடங்கும். கப்பலின் நடுப்பகுதியில், நீர்மட்டத்தை ஒட்டிய தளத்தில் ஆட்டம் மிகக் குறைவு. சுற்றுலாக் கப்பலில் அறை பதிவுசெய்கிறவர்கள் கடற்காட்சிக்காக உச்சித் தளத்து முன்னறையைக் கேட்டு வாங்கிப் பிறகு வருந்துவார்கள். மாலுமி மேடையில் தொடுவானம் நன்றாகத் தெரியும், ஆனால் உயரம் காரணமாகச் சாய்வும் அதிகம். அங்கே பத்து நிமிடம் நின்று பார்த்து உங்கள் உடல் எதைத் தேர்ந்தெடுக்கிறது என்று பாருங்கள். நிற்க முடியாதபோது மல்லாந்து, தலையை அசைக்காமல், கண்ணை மூடிப் படுப்பதே சிறந்தது. கைப்பேசியில் படம் பார்த்துக் கவனத்தைத் திருப்பலாம் என்பவர்கள் அரைமணி நேரத்தில் கழிவறைக்கு ஓடுவார்கள்.

மூன்றாம் நாள் இரவு இரண்டு மணிக்கு, திருச்சூர்ப் பெண் தானாக எழுந்து கருவி மேலே வரும் நேரத்துக்குத் தளத்துக்கு வந்தாள். முகம் வெளிறித்தான் இருந்தது. பன்னிரண்டு குடுவைகளிலும் ஆக்சிஜன் மாதிரியை அவளே எடுத்தாள். இன்று அவளுடைய ஆய்வேட்டின் மூன்றாம் இயலில் அந்த நிலையத்தின் வளைகோடு இருக்கிறது. எல்லோருக்கும் இப்படி நடப்பதில்லை. எனக்கு முந்தைய குழுவில் ஒருவருக்கு நான்கு பயணங்களிலும் பழகவே இல்லை. அவர் செயற்கைக்கோள் தரவுகளின் பக்கம் நகர்ந்தார். இப்போது பச்சையத்தின் பரவல் பற்றி நன்றாக எழுதுகிறார். அவர் தானே விரும்பி நகர்ந்தாரா, நகர்த்தப்பட்டாரா என்பது மட்டும் எனக்கு இன்னும் தெளிவாகவில்லை.

ஒரு பயணத்தில் தலைமை விஞ்ஞானியாக வந்தவர் செய்த ஏற்பாட்டை இங்கே பதிவுசெய்ய விரும்புகிறேன். முதல் 48 மணி நேரத்துக்குக் கரையோர ஆழமற்ற நிலையங்களை மட்டும் வைத்தார். புதியவர்களுக்கு அந்த நேரத்தில் தளத்தில் நின்று செய்யும் எளிய வேலைகளே. நுண்ணோக்கியும் தரம்பார்த்தலும் கிடையாது. ஒவ்வொரு அளவீட்டையும் குறைந்தது இருவர் கற்றிருக்கவேண்டும் என்று துறைமுகத்திலேயே பயிற்சி நடத்தினார். பணி மாற்றக் குறிப்பேட்டில் ‘உடல்நலமில்லை, இன்னார் செய்தார்’ என்று எழுதுவது, காற்றின் வேகத்தை எழுதுவதுபோல இயல்பாக இருந்தது. அவருக்குக் கூடுதலாக ஆனது ஒரு நாள் கப்பல் நேரம். கப்பலின் ஒரு நாள் வாடகை எவ்வளவு என்று தெரிந்தவர்கள் புருவம் உயர்த்துவார்கள். இழந்த நிலையங்களின் விலையையும் அதே தாளில் கணக்கிடட்டும்.

கரைக்கு வந்த பிறகும் ஓரிரு நாள் தரை ஆடும். குளியலறையில் கண்ணை மூடி முகம் கழுவும்போது சுவரைப் பிடிக்கவேண்டி வரும். புதிதாகக் கற்ற கணிப்பை மூளை உடனே விடுவதில்லை, வேறொன்றுமில்லை. வாரக்கணக்கில் நீடித்தால் மட்டும் மருத்துவரைப் பாருங்கள். இறங்கிய அன்று துறைமுகத்திலிருந்து விடுதிக்கு இருசக்கர வண்டியை நீங்களே ஓட்டிப் போகாதீர்கள். யாரையாவது வரச் சொல்லுங்கள்.